வராமல் போனவர்களின் கணக்கு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். 17 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். இப்போது கொஞ்சம் மாந்தோப்பு, நான்கு மாடு, காலையில் ராயக்கோட்டை மலையில் பாதி தூரம் நடை. முட்டி அதற்கு மேல் விடுவதில்லை.

போன மாதம் நீங்கள் எழுதிய நடுகல் கட்டுரையை என் மகள் வாட்ஸப்பில் அனுப்பினாள். மாட்டுச் சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்டு, இப்போது தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் கற்களைப் பற்றி எழுதியது நன்றாக இருந்தது. ஆனால் நடுவில் திடீரென்று அமெரிக்காவுக்குப் போய்விட்டீர்கள். உள்நாட்டுப் போர் நடந்தபோது மாடும் குதிரையும் கவர வரும் பழங்குடிகளைத் தடுக்க டெக்சஸ்காரர்கள் மேற்கு எல்லையில் வரிசையாகக் காவல் முகாம் போட்டதைச் சொல்லி, “அத்தனையும் வீண் காவல். நின்றவர்களில் பாதிப்பேர் போருக்குப் பயந்து ஒளிந்தவர்கள்” என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள்.

ஐயா, நான் எல்லை போஸ்ட்டில் இருந்திருக்கிறேன். தினமும் காலையில் ‘ஆல் ஓகே ரிப்போர்ட்’ கொடுப்போம். ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அந்த ரிப்போர்ட். ஒரு நாள் யாராவது உள்ளே வந்துவிட்டால் அது கணக்கில் ஏறும். போஸ்ட் இருப்பதைப் பார்த்து வராமல் போனவர்களை யார் எண்ணுவது? வீண் என்று எழுத உங்களுக்குக் கை வந்தது எப்படி?

மூன்று விஷயம் கேட்கிறேன். நாடே இரண்டாகப் பிளந்து அடித்துக்கொள்ளும்போது மாடு காக்க ஆயிரம் பேரை எதற்கு எல்லையில் நிறுத்தினார்கள்? நின்றவர்கள் உண்மையிலேயே பயந்தவர்கள்தானா? கடைசியாக, நம் நடுகல் கணக்குப்படி அங்கே மாடு கவர்ந்தவன் யார், மீட்டவன் யார்?

தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள ஐயா,

தவறாக எழுதியது நான்தான். உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ‘வராமல் போனவர்களை யார் எண்ணுவது’ என்ற கேள்விக்குச் சட்டென்று ஒரு பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். ‘பாதிப்பேர்’ என்று எந்தக் கணக்கில் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. கட்டுரை நீண்டுகொண்டே போனது, நடுகல்லுக்குத் திரும்ப வேண்டும் என்ற அவசரம். எனக்கு அது வேகம். நீங்கள் அதை நிதானமாகப் படித்துவிட்டீர்கள்.

முதலில் அந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கோட்டை என்றதும் உங்களுக்கு ராயக்கோட்டைதான் மனதில் வரும். செங்குத்துப் பாறை, மேலே மதில், கீழே பாராமகாலிலிருந்து மைசூர் மேட்டுக்கு ஏறும் வழி. இங்கே கோட்டையைப் பிடித்தவன் வழியைப் பிடித்தான். கிருஷ்ணகிரிக் கோட்டையில் 1791 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை ஏறப்பார்த்து அடிவாங்கித் திரும்பியது மலையின் தயவால்தான். டெக்சஸ் எல்லையில் அப்படி எதுவும் கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை புல்வெளி. பெயர்தான் கோட்டை, பல இடங்களில் சுற்றுமதிலே இல்லை. ஒரு மைதானத்தைச் சுற்றிச் சில கட்டடங்கள். பின்னால் போட்ட முகாம்களில் அதுவும் இல்லை. மரக்கழிகளை நெருக்கமாகச் செங்குத்தாக நட்டு இடுக்கில் மண்ணை அப்பி எழுப்பிய குடிசைகள். நம் ஊர் ஆட்டுப்பட்டிப் படலைக் கொஞ்சம் கனமாகக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

போருக்கு முன்பு அந்த எல்லையில் நின்றது அமெரிக்க அரசின் ராணுவம். சுமார் இருபது முகாம்கள், சுமார் 2,700 பேர். 1861 பிப்ரவரியில் டெக்சஸ் மற்றத் தென் மாநிலங்களோடு சேர்ந்து அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோகத் தயாரானபோது அங்கே தளபதி டேவிட் ட்விக்ஸ். எழுபதைத் தொட்டவர், ஜார்ஜியாவில் பிறந்த தெற்கத்திக்காரர். சான் அன்டோனியோவில் டெக்சஸ் ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அவர் மாநிலத்தில் இருந்த எல்லா முகாம்களையும் ஒரே கையெழுத்தில் ஒப்படைத்துவிட்டார். போர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. (பின்னாளில் தெற்கின் பெருந்தளபதி ஆன ராபர்ட் லீ அப்போது மேசன் கோட்டையில் அமெரிக்க ராணுவ அதிகாரி. அதே மாதம் வாஷிங்டனுக்குக் கூப்பிட்டார்கள் என்று கிளம்பிப் போனார். அவர் அமெரிக்க ராணுவத்தில் கடைசியாகப் பொறுப்பு வகித்த முகாம் அது.)

சில வாரங்களில் எல்லை காலி. அதுவரை சம்பளம் வாங்கி நின்ற ராணுவம் போய்விட்டது. அந்தப் பக்கம் கொமான்சி, கயோவா பழங்குடிகள் அப்படியே இருந்தார்கள். இந்தப் பக்கம் பண்ணை வைத்துக் குடியேறியவர்களும் அப்படியே இருந்தார்கள். நடுவில் இருந்த ஒரு பொருளை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு இங்கேயே பாதிப் பதில் இருக்கிறது. யாரும் ஆயிரம் பேரைப் பெரிய போரிலிருந்து பிடுங்கிக்கொண்டுவந்து மாடு காக்க நிறுத்தவில்லை. ஏற்கெனவே நின்றவர்களின் இடம் காலியானது, அதை நிரப்ப வேண்டியிருந்தது. 1861 டிசம்பரில் டெக்சஸ் சட்டசபை ‘எல்லை ரெஜிமென்ட்’ ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. சுமார் ஆயிரம் குதிரைக்காரர்கள். குதிரை அவரவருடையது, துப்பாக்கியும் அவரவருடையது. சம்பளம் வரும்போது வரும். வெடிமருந்து எப்போதும் பற்றாக்குறை, இருப்பதும் மட்டம்.

இதை யார் கையில் வைத்துக்கொள்வது என்று ஒரு இழுபறி நடந்தது. செலவைத் தெற்குக் கூட்டமைப்பு அரசு ஏற்க வேண்டும், ஆனால் ஆட்கள் எங்கள் கவர்னர் சொல்படிதான் நிற்பார்கள் என்றது டெக்சஸ். அந்த நிபந்தனையோடு வந்த மசோதாவைத் தெற்கின் அதிபர் ஜெபர்சன் டேவிஸ் நிராகரித்துவிட்டார். காசு ஒருவர், கட்டளை ஒருவர் என்றால் எந்த அரசுதான் ஒப்பும். டேவிஸுக்கு ஆட்கள் பெரிய போர் நடந்த வர்ஜீனியாவில் வேண்டும், ஆஸ்டினில் இருந்த கவர்னருக்கு ஓட்டுப் போட்ட குடியானவர்கள் பிரேசோஸ் ஆற்றங்கரையில். அந்த ரெஜிமென்ட்டை டெக்சஸ் கடைசியில் கூட்டமைப்பிடம் கொடுத்தது 1864 மார்ச்சில். அதற்குள் வேறொரு ஏற்பாடும் செய்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மாடு என்று நாம் லேசாகச் சொல்கிறோம். 1863 ஜூலையில் விக்ஸ்பர்க் விழுந்ததும் மிசிசிப்பி ஆறு முழுக்க வடக்கின் கைக்குப் போனது. டெக்சஸ் மாட்டை ஆற்றைத் தாண்டித் தெற்குப் படைக்கு ஓட்டிப்போக வழி அடைபட்டது. ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் கன்றுக்குச் சூடுபோடக்கூட ஆள் இல்லை. மாடு பெருகிக் காட்டுமாடாகத் திரிந்தது. கொமான்சிகள் அதைக் கவர்ந்து நியூ மெக்சிகோ வியாபாரிகளிடம் விற்றார்கள். அங்கிருந்து ராணுவத்துக்கு மாட்டிறைச்சி ஒப்பந்தம் எடுத்தவர்கள் வரைக்கும் அது போனது. டெக்சஸ்காரனின் மாடு சுற்றிச்சுற்றி வடக்கின் சிப்பாய் வயிற்றுக்குப் போயிருக்கிறது. பெரிய போரும் மாட்டுச் சண்டையும் வேறுவேறு என்று நான் எழுதியது அந்த வகையிலும் சரியில்லை.

சரி, இப்போது நான் ‘வீண்’ என்று எழுதியதன் காரணத்துக்கு வருகிறேன். ரெஜிமென்ட்டின் முதல் கர்னல் ஜேம்ஸ் நோரிஸ். வடக்கே சிவப்பாறு, தெற்கே ரியோ கிராண்ட். இரண்டுக்கும் இடையில் சுமார் 25 மைலுக்கு ஒரு முகாமாக வரிசையாகப் போட்டார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு முகாம் என்றால் அடுத்தது காரிமங்கலம் எல்லாம் தாண்டிக் காவேரிப்பட்டணத்தில். இடையில் ஒருவரும் கிடையாது. ஒவ்வொரு முகாமிலிருந்தும் தினமும் ஒரு சிறு குழு குதிரையில் கிளம்பி அடுத்த முகாம்வரை ரோந்து போகும், திரும்பும். காகிதத்தில் பார்த்தால் எல்லை முழுக்க ஒரு கோடு இழுத்தமாதிரி அழகாக இருக்கும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அஞ்செட்டிப் பக்கத்துப் பரண் ஒன்று கண்ணில் வரும். கல்லூரியில் படித்த காலம், கார்த்திகை மாதம், ராகி முற்றி நின்றது. சித்தப்பாவோடு நானும் யானைக் காவலுக்குப் போனேன். தள்ளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் அந்தப் பருவத்தில் யானைக் கூட்டம் இறங்கும், உங்களுக்குத் தெரியாததில்லை. எங்கள் கொல்லையில் ஒரு பரண், எதிர்க்கொல்லையில் ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்று. மணிக்கொருதரம் தகரத்தைத் தட்ட வேண்டும், ஒருவர் டார்ச்சோடு வரப்பில் அடுத்த பரண்வரை நடந்து வர வேண்டும். வாட்ச்சைப் பார்த்து ஒழுங்காகத் தட்டினேன். படித்த பையன் அல்லவா. இரண்டு மணிக்குத் தட்டிவிட்டு, டார்ச்சோடு போய்த் திரும்பி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓடைப்பக்கம் தட்டைகள் ஒடியும் சத்தம். டார்ச் அடித்தால் மூன்று பெரிய உருவம், நடுவில் ஒரு குட்டி. இரண்டு பரணுக்கும் சரிபாதி தூரத்தில். கதிரைத் தும்பிக்கையால் சுருட்டி, வேரோடு இழுத்து, முன்காலில் அடித்து மண்ணை உதறிவிட்டுத் தின்கின்றன. ஒரு அவசரமும் இல்லை. நாங்கள் வெடி போட்டுக் கத்தி அவை திரும்புவதற்குள் கால் ஏக்கர் போய்விட்டது.

“தகரம் அடங்குனா ஒரு மணி நேரத்துக்கு ஆளு வரமாட்டான்னு அதுக்குத் தெரியும்டா” என்றார் சித்தப்பா. மறுநாள் என் வாட்ச்சைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார். தோன்றியபோதெல்லாம் தட்டினோம். சில சமயம் பத்து நிமிடத்தில், சில சமயம் ஒன்றரை மணி நேரம் கழித்து.

நோரிஸுக்கு நடந்தது அதுதான். எந்த நேரத்தில் எந்தக் குழு எங்கே போகும் என்று கொமான்சிகள் சில மாதங்களில் படித்துவிட்டார்கள். ரோந்து போனபின் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, குதிரைகளை ஓட்டிக்கொண்டு, அடுத்த ரோந்துக்கு முன் வெளியே போனார்கள். 1863இல் பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் மெக்கார்ட் என் சித்தப்பா செய்ததைச் செய்தார். கடிகார ரோந்தைக் குறைத்தார், முன்னறிவிப்பில்லாமல் கோட்டுக்கு வெளியே தொலைவாகப் போய்த் தேடும் குழுக்களை அனுப்பினார். நிலைமை கொஞ்சம் மேலானது. (யானையையும் கொமான்சிகளையும் ஒப்பிடுகிறேன் என்று தயவுசெய்து யாரும் கிளம்ப வேண்டாம். நான் ஒப்பிடுவது என்னையும் நோரிஸையும்.)

கவனியுங்கள் ஐயா, எனக்குப் புரிந்த அளவில் தவறு நின்றவர்களுடையது அல்ல, நிறுத்திய முறையுடையது. நான் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிட்டேன்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது. உங்களுக்கு முழுக்கப் பிடித்த பதிலாக இருக்காது.

1862 ஏப்ரலில் தெற்கு அரசு கட்டாய ஆள்சேர்ப்பைக் கொண்டுவந்தது. 1863 டிசம்பரில் டெக்சஸ் ஒரு சட்டம் போட்டது. எல்லையோர 59 மாவட்டங்களில் இருக்கும் போர்வயது ஆண்கள் ஊரைவிட்டுத் தூரத்துப் படைக்குப் போக வேண்டியதில்லை. அங்கேயே எல்லைக் காவலில் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு நேரத்தில் கால்வாசிப்பேர் காவலில் இருப்பார்கள், மற்றவர்கள் கொல்லையைப் பார்ப்பார்கள். சட்டத்தை இயற்றியவர்கள் எதிர்பார்த்தார்களோ இல்லையோ, மேற்கே ஆபத்தான ஊர்களுக்குத் திடீரென்று ஆட்கள் குடிவர ஆரம்பித்தார்கள். கொமான்சி அம்பு வரலாம், வராமலும் போகலாம். வர்ஜீனியாவில் குண்டு நிச்சயம் என்ற கணக்கு. ஆகவே ‘ஒளிந்தவர்கள்’ இருந்தார்கள். அதை மறைக்க முடியாது.

ஆனால் அவர்களைப் பயந்தவர்கள் என்று நான் எழுதியபோது யார் பக்கமிருந்து எழுதினேன்? அந்தப் போர் அடிமை முறையைக் காப்பாற்றத் தெற்கு நடத்திய போர். தனக்கு ஒரு அடிமைகூட இல்லாத ஏழைக் குடியானவன் அதற்காக ஆயிரம் மைல் போய்ச் சாக விரும்பாமல், தன் மனைவி மக்கள் இருக்கும் ஊரில் நின்று காவல் பார்க்கிறேன் என்றால், அதற்குக் கோழைத்தனம் என்று பெயர்வைக்க நான் யார்? தெற்கின் தலைநகர் ரிச்மண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் வைத்த பெயரை நான் 160 வருடம் கழித்துத் தர்மபுரியில் உட்கார்ந்து அப்படியே வாங்கிப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. அந்தக் காவல்காரர்களுக்கு இரண்டு வேலை கொடுத்தார்கள். வெளியிலிருந்து வருபவனைத் தடுப்பது ஒன்று. உள்ளே படையைவிட்டு ஓடிவந்தவனையும் வடக்குக்கு ஆதரவானவன் என்று சந்தேகப்படுபவனையும் பிடிப்பது மற்றது. இரண்டாவதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. 1862 அக்டோபரில் வடக்கு டெக்சஸில் கெய்ன்ஸ்வில் என்ற சிற்றூரில் வடக்கு ஆதரவாளர்கள் என்று சொல்லிச் சுமார் 40 பேரைத் தூக்கிலிட்டார்கள். முன்நின்று கைது செய்தவர் ஜேம்ஸ் போர்லண்ட். பிறகு அவர் கையில்தான் ஒரு எல்லை ரெஜிமென்ட்டே இருந்தது. நீங்கள் நின்ற போஸ்ட்டில் துப்பாக்கி ஒரு திசையைத்தான் பார்த்திருக்கும். உள்நாட்டுப் போரில் அது அவ்வப்போது ஊரைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது.

வடக்கு மட்டும் எல்லைக்குத் தன் நல்ல படையை அனுப்பியதா? அது செய்த வேலையைக் கேளுங்கள். சிறைப்பிடித்த தெற்குச் சிப்பாய்களிடம் ஒரு பேரம் பேசியது: சிறையில் கிடந்து சாகிறாயா, அல்லது எங்கள் சீருடையைப் போட்டுக்கொண்டு மேற்கே காவலுக்குப் போகிறாயா? உன் ஊர்க்காரனைச் சுட வேண்டியிருக்காது. 1864, 65இல் இப்படிச் சேர்ந்தவர்கள் சுமார் 6,000 பேர், ஆறு ரெஜிமென்ட். ‘கால்வனைஸ் பண்ணிய யாங்கி’ என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். கூரைத் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு கொடுப்பதுபோல மேலே வடக்கின் நீலம், உள்ளே தெற்கின் சாம்பல் நிறம்.

அவர்களில் முதல் ரெஜிமென்ட்டின் ஒரு பகுதி, இன்றைய வடக்கு டகோட்டாவில் மிசூரி ஆற்றங்கரையில் இருந்த ரைஸ் கோட்டையில் 1864-65 குளிர்காலத்தைக் கழித்தது. தெற்கின் வெயிலில் வளர்ந்த பையன்கள். ஆறு உறைந்து படகு நின்றுவிடும், புதிய காய்கறி கிடையாது. உப்புக்கண்டமும் காய்ந்த ரொட்டியும். ஈறு வீங்கிக் கறுத்து ரத்தம் கசியும், பழைய தழும்பு மறுபடி பிளக்கும், நடந்தால் மூச்சு வாங்கும். அதற்கு ஸ்கர்வி என்று பெயர். எலுமிச்சம்பழம் கிடைத்தால் தீரும் நோய். சண்டையில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் அங்கே அதிகம். உங்கள் தோப்பில் விழுந்து அழுகும் மாங்காய் நினைவுக்கு வந்தது எனக்கு. அவர்களும் தினமும் ‘ஆல் ஓகே’ கொடுத்திருப்பார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதற்காகத்தான் உங்கள் கடிதத்தை வெளியிடவே முடிவுசெய்தேன்.

நம் கற்களில் தொறு என்றால் மாட்டுக்கூட்டம். தொறு கொள்ளப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு, தொறு மீட்கப் போய் இறந்தவனுக்கும் உண்டு. வெட்சிக்கும் கல், கரந்தைக்கும் கல். இரண்டு கல்லிலும் ‘பட்டான்’, அதாவது சண்டையில் இறந்தான் என்றுதான் வரும். செங்கம் பக்கத்து எடத்தனூரில், கள்ளர்களோடு போராடி நின்ற கோவிவன் என்ற நாய்க்கே பெயர் வெட்டிக் கல் நட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம் நியாயம் என்று நட்டவர்கள் கேட்கவில்லை. ஒரே மாதிரி இரண்டு ஊர்கள், ஒரே மாதிரி மாடுகள். இன்று அவன் கவர்ந்தால் நாளை இவன் கவர்வான்.

டெக்சஸில் அந்தச் சமம் கிடையாது. அங்கே கோடே ஒரு பக்கத்தார் மட்டும் போட்டது, வருடாவருடம் மேற்கே நகர்ந்தது. கொமான்சிகளுக்கு என்று பிரேசோஸ் பக்கம் அரசே ஒதுக்கிக்கொடுத்த நிலத்திலிருந்துகூட 1859இல் அவர்களை வடக்கே துரத்தினார்கள். இரண்டு வருடத்தில் எல்லைக் காவல் காலி. மாடு கவர வந்தவர்களில் சிலருக்கு அது மாட்டை மட்டும் கவரும் பயணம் இல்லை, தாங்கள் கூடாரம் போட்டிருந்த ஆற்றங்கரைக்கு மறுபடி வரும் பயணம். அதற்காக அவர்கள் செய்ததை நான் பூசிமெழுகவில்லை. 1864 அக்டோபர் 13ஆம் தேதி எல்ம் கிரீக்கில் பல நூறு கொமான்சி, கயோவா வீரர்கள் இறங்கினார்கள். தடுக்கப் போன காவலர்களில் ஐந்து பேர் விழுந்தார்கள். பண்ணைவீடுகளில் கொலை நடந்தது, பெண்களையும் குழந்தைகளையும் தூக்கிப்போனார்கள். அக்கம்பக்கத்தார் சேர்ந்து வீடுகளைச் சுற்றிக் கழி நட்டு வைத்திருந்த சொந்தக் கோட்டைகளுக்குள் புகுந்துகொண்டவர்கள் பிழைத்தார்கள்.

நம் கணக்குப்படி அந்த எல்லையில் ஒருவருக்குக் கல் நட வேண்டும் என்றால் என் ஓட்டு பிரிட் ஜான்சனுக்கு. கறுப்பினத்தவர், அன்றைய சட்டப்படி அடிமை. எல்ம் கிரீக்கில் தாக்குதல் நடந்தபோது அவர் வீட்டில் இல்லை. ஒரு மகன் கொல்லப்பட்டான், மனைவியையும் மற்ற பிள்ளைகளையும் தூக்கிப்போய்விட்டார்கள். அத்தனை முகாம், அத்தனை ரெஜிமென்ட் இருந்தும் அவர்களை மீட்டது அரசு இல்லை. அவர்தான் கொமான்சி நிலத்துக்குள் போய், பேசி, விலை கொடுத்து மீட்டார் என்று சொல்வார்கள். அடுத்த வருடம் மனைவி மக்கள் திரும்பி வந்தார்கள். 1871இல் சரக்கு வண்டி ஓட்டிப்போகும் வழியில் கயோவாக்களோடு நடந்த சண்டையில் இறந்தார். மீட்டான், பின்பு பட்டான்.

இனி, உங்கள் ‘வராமல் போனவர்கள்’ கணக்குக்கு எதிராக என்னிடம் இருக்கும் ஒரே நிகழ்ச்சி. 1865 ஜனவரி 8, டவ் கிரீக், இன்றைய சான் ஏஞ்சலோ ஊருக்குப் பக்கம். எல்லைக் காவலர்கள் ஒரு பெரிய கூட்டத்தின் தடத்தைப் பார்த்துப் பின்தொடர்ந்தார்கள். அது கிக்கப்பூ என்ற பழங்குடி மக்களின் கூட்டம். பெண்டு பிள்ளைகளோடு, வடக்கும் தெற்கும் போட்டுக்கொள்ளும் சண்டையே வேண்டாம் என்று மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். காவலர்கள் யார், என்ன என்று விசாரிக்காமல் காலையில் பாய்ந்தார்கள். கிக்கப்பூக்கள் ஓடைக்கரைப் புதரிலிருந்து நிதானமாகத் திருப்பிச் சுட்டார்கள், நல்ல துப்பாக்கியோடு. டெக்சஸ்காரர்களில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இரவில் பனி கொட்டியது. தோற்றவர்கள் பசிக்குத் தங்கள் குதிரையையே அறுத்துத் தின்றார்கள். கிக்கப்பூக்கள் மெக்சிகோ போய்ச் சேர்ந்தார்கள். அதுவரை ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தவர்கள், அதற்குப் பிறகு பல வருடம் எல்லை தாண்டி வந்து டெக்சஸ் பண்ணைகளைத் தாக்கினார்கள்.

வராமலேயே போயிருக்க வேண்டியவர்கள் ஐயா. கூப்பிட்டதுபோல வந்தார்கள்.

வடக்கின் பக்கம் இதைவிடக் கொடுமை நடந்தது. 1864 நவம்பர் 29, கொலராடோவில் சாண்ட் கிரீக். லயன் கோட்டைக்குப் பக்கத்தில், பாதுகாப்பு உண்டு என்று நம்பி முகாமிட்டிருந்த செயேன், அரபாஹோ பழங்குடி மக்களைச் சிவிங்டன் என்ற கர்னலின் படை கொன்றது. இருநூறு பேர்வரை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். அந்தப் படையில் சைலஸ் சூல் என்று ஒரு கேப்டன் இருந்தார். தன் கம்பெனியைச் சுடவிடாமல் நிறுத்தினார். பிறகு விசாரணையில் நடந்ததைச் சொன்னார். 1865 ஏப்ரலில் டென்வர் தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கட்டளை வந்தும் சுடாமல் நிற்பது என்றால் என்ன என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். நான் அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

இத்தனையும் எழுதியபின் சித்தப்பாவின் பரணுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. மறுநாள் காலை, மிதிபட்ட கால் ஏக்கரைப் பார்த்துவிட்டு, ராத்திரி முழுக்க விழித்திருந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். சாய்ந்த கதிர்களில் தேறுவதைப் பொறுக்கிக்கொண்டே, “ரெண்டே முக்கால் ஏக்கரு நிக்குதே, அது உனக்குக் கண்ணுல படலியா?” என்றார். நீங்கள் கேட்டதும் அதே கேள்வி. அப்போதும் எனக்குப் பதில் தெரியவில்லை.

பழைய கட்டுரையில் ‘வீண் காவல்’ என்பதையும் ‘பாதிப்பேர்’ என்பதையும் எடுத்துவிட்டேன். ‘பயந்து’ என்ற சொல்லையும் எடுத்தாயிற்று. ‘ஒளிந்தவர்கள்’ இருக்கிறது, அது உண்மை. டவ் கிரீக்கைப் பற்றி ஒரு பத்தி புதிதாகச் சேர்த்திருக்கிறேன். கீழே திருத்திய தேதியும் போட்டிருக்கிறேன்.

மாங்காய் இறங்கும் சமயம் ராயக்கோட்டை வருகிறேன். மலையில் நீங்கள் நிற்கும் பாதி தூரம்வரை உங்களோடு நடக்கலாம். என் முட்டியும் அவ்வளவுதான்.

அன்புடன்